மருந்துப் புட்டியில் மீந்தது

நாராயணவனத்து முனிகிருஷ்ணன் மகள் தாட்சாயணி கெமிஸ்ட்ரி படிக்கத் திருப்பதிக்குப் போனபோது ஆந்திரா இன்னும் தனி ராஜ்யம் ஆகவில்லை. படித்து முடித்து வீடு திரும்பியபோது ஆகியிருந்தது. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, காலேஜில் இங்கிலீஷ் என்று பழகியவள் அவள். ராஜ்யம் மாறியதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நெல்லும் கரும்பும் பயிரிட்ட அவள் அப்பாவும் எடுத்துக்கொள்ளவில்லை. "யாரு ஆண்டா என்னம்மா, ஏரியில தண்ணி இருந்தா போதும்" என்பார்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், சாலையோரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. பள்ளியில் அவள் ஒருத்திதான் பெண் வாத்தியார். பையன்கள் முதல் மாதம் முழுக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நின்றது நாலு விளக்குப் பாடத்தன்று.

காலி மைக்கூடுகள் நாலில் திரி போட்டு அவள் விளக்கு செய்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு வகை ஆல்கஹால். மெத்தில், எத்தில், புரொப்பைல், பியூட்டைல். நாலுக்கும் மேலே ஒரே அளவு தண்ணீர் வைத்த டம்ளர்கள். விளக்குகளை முதலில் எடை போட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரே எடை ஸ்பிரிட் எரிந்து தீர்ந்ததும் அணைத்தாள். எந்தத் தண்ணீர் அதிகம் சுட்டிருக்கும் என்று கேட்டாள். எல்லாம் ஸ்பிரிட்டுதானே, எல்லாம் ஒன்றுதான் என்றார்கள் பையன்கள். வரிசையாக வந்து விரலை வைத்துப் பார்க்கச் சொன்னாள். மெத்தில் டம்ளரில் வைத்த விரலைச் சாவகாசமாக எடுத்தவர்கள், பியூட்டைல் டம்ளரில் தொட்ட மாத்திரத்தில் கையை உதறினார்கள்.

"மெத்தில்ல கார்பன் ஒண்ணு. எத்தில்ல ரெண்டு, புரொப்பைல்ல மூணு, பியூட்டைல்ல நாலு. ஒவ்வொரு தடவையும் எரியக்கூடிய சரக்குதான் கூடிக்கினே போவுது. ஆக்சிஜன் மட்டும் எல்லாத்திலயும் அதே ஒண்ணுதான்" என்றாள். பாடம் நடத்தும்போது புத்தகத் தமிழில் தொடங்கினாலும் சூடு பிடித்ததும் ஊர்ப் பேச்சுக்கு வந்துவிடுவது அவள் வழக்கம். "மெத்தில்ல பாதி எடை அந்த ஆக்சிஜன்தான். அது எரியறதுக்கில்ல. பாதி எரிஞ்சுபோன வெறகை அடுப்புல வச்சா எப்பிடி இருக்கும், அப்பிடி. மூலக்கூறு பெருசாக ஆக, எடைக்கு எடை சூடும் கூடும்."

அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் அவள் வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு எல்லைப் பேச்சு வந்தது. எந்த ஊர் மெட்ராஸுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று வருஷக்கணக்காக இழுத்தடித்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ஏப்ரலில் முடிவுக்கு வர இருந்தது. பள்ளி இருந்த ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அங்கே தமிழில் நடந்த வகுப்புகளையும் அவற்றுக்குச் சேர்ந்த சாமான்களையும் திருத்தணிப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்றும்படி உத்தரவு வந்தது. வாத்தியார்கள் எந்தப் பக்கம் போக விருப்பமோ எழுதிக் கொடுக்கலாம். தலைமையாசிரியர் கோவர்த்தனன் மெட்ராஸ் என்று எழுதினார். தாட்சாயணியும் அதையேதான் எழுதினாள். அவளுடைய தெலுங்கு, காய்கறி வாங்கவும் பஸ்ஸில் இடம் கேட்கவும் போதும். கார்பனையும் ஆக்சிஜனையும் அதில் சொல்லிக் கொடுக்க வருமா என்று அவளுக்குப் பயம். அப்பாவுக்கு மட்டும் அதில் இஷ்டமில்லை.

மார்ச் மாதம் லேபரட்டரி சாமான்களை வைக்கோல் போட்டுப் பெட்டிகளில் அடுக்கினார்கள். அமிலங்களும் அயோடினும் முதல் வண்டியிலேயே போய்விட்டன. கடைசி இரண்டு வண்டிகளில் கண்ணாடிச் சாமான்களும் ஆல்கஹால் புட்டிகளும் ஏறின. வண்டியோட்டிகள் ரங்கனும் முனிசாமியும். இருவரும் பக்கத்துக் காலனிக்காரர்கள். நிலம் கிடையாது. கரும்பு வெட்டும் காலத்தில் கரும்பு ஏற்றுவார்கள், மற்ற நாளில் கிடைத்ததை ஏற்றுவார்கள். மத்தியானம் கிளம்பி, வழியில் காலனியில் தங்கி, மறுநாள் விடிந்ததும் மேலே போவதாக ஏற்பாடு.

மறுநாள் காலை மணி அடித்த சிறிது நேரத்தில் ரங்கனின் மனைவி வெங்கடலட்சுமி பள்ளி வேலியோரம் வந்து நின்றாள். வகுப்புக்குள் இருந்த தாட்சாயணியைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"டீச்சரம்மா, கொஞ்சம் இப்பிடி வரீங்களா? சத்தமா சொல்ல முடியாது."

தாட்சாயணி வெளியே வந்தாள். வெங்கடலட்சுமி முந்தானைக்குள்ளிருந்து ஒரு மருந்துப் புட்டியை எடுத்துக் காட்டினாள். இருமல் மருந்துப் புட்டி. அடியில் கொஞ்சம் நிறமற்ற திரவம் கிடந்தது.

"உங்க பெட்டியிலருந்து எடுத்துக் குட்ச்சிட்டாங்க, அவரும் முனிசாமி அண்ணனும். வெடியகாலத்துலருந்து வாந்தி. வயித்தப் புடிச்சிக்கினு உருள்றாரு. நைட்டு நல்லாத்தான் பாடிக்கினு படுத்தாரு."

தாட்சாயணி தக்கையைத் திறந்து முகர்ந்தாள். ஸ்பிரிட் வாசம். அவ்வளவுதான் தெரிந்தது. புரொப்பைலோ பியூட்டைலோ என்றால் மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடை வந்திருக்கும். எத்திலுக்கும் மெத்திலுக்கும் அந்த வித்தியாசம் கிடையாது.

"எந்தப் புட்டியிலருந்து ஊத்தினாங்க?"

"ரெண்டு சீசா எடுத்தாங்களாம். நாத்தம் புடிச்சதெல்லாம் அப்பிடியே வெச்சிட்டாங்களாம். ஒரு சீசா ஏரிக்கரைப் பாறையில உழுந்து ஒடஞ்சிப் போச்சு. இன்னொண்ண இதுல மாத்திக்கினு, சீசாவ ஏரியில எறிஞ்சிட்டாங்க. போலீசு பாத்தா புடிச்சிக்குவான்னு."

"புட்டி மேல மண்டையோடு படம் ஒட்டியிருந்ததா?"

"இருட்டிக்கினு வந்த நேரம், அதெல்லாம் எங்க பாக்கறது?"

பெட்டியில் மெத்தில் ஒரு புட்டி, எத்தில் ஒரு புட்டி. உடைந்தது எது, குடித்தது எது? எத்தில் என்றால் ரங்கன் சாயங்காலத்துக்குள் எழுந்து மாட்டுக்குத் தவிடு வைப்பான். மெத்தில் என்றால் இப்போது வந்திருக்கும் வயிற்றுவலி ஆரம்பம்தான்.

அவள் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். கோவர்த்தனன் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். பள்ளிக்கூடத்துக்கு ஸ்பிரிட் வைத்துக்கொள்ளக் கொடுத்த அனுமதி அவர் பெயரில் இருந்தது. பெட்டி அடுக்கியது தாட்சாயணியின் பொறுப்பு.

"மோரு குடிக்கச் சொல்லும்மா. ரெண்டும் ஸ்பிரிட்டுதானே. போதை எறங்கினா சரியாப் போயிடும்."

"ஒண்ணுன்னா எறங்கிடும் சார். இன்னொண்ணுன்னா கண்ணு போயிடும். அப்புறம் உசிரும் போயிடும்."

"எதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியல."

"தெரியாததுக்கு ஏன் ஊரக் கூட்டறே? ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசு வரும். நமக்கு ரெண்டு பேருக்கும் மாத்தல் உத்தரவு வர்ற நேரம் இது. நான் அனுமதி தரல. நீ வகுப்புக்குப் போ."

அவர் கெட்ட மனிதர் இல்லை. வியர்த்துக் கொட்டிய கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். தாட்சாயணி வெளியே வந்து வகுப்பறையைத் தாண்டி நடந்தாள். நடந்துகொண்டே இருக்கும்போதுதான், தான் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறிவிட்டது அவளுக்கு உறைத்தது. வெங்கடலட்சுமி பின்னாலேயே ஓடி வந்தாள்.

காலனியில் ரங்கன் கயிற்றுக் கட்டிலில் முழங்காலை வயிற்றில் ஒட்டிக்கொண்டு கிடந்தான். முனிசாமியின் குடிசை திறந்து கிடந்தது, ஆள் இல்லை. ஆஸ்பத்திரி என்ற பேச்சு காதில் விழுந்ததுமே கம்பை ஊன்றிக்கொண்டு கரும்புக் கொல்லைப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அவன் முன்பே ஒரு முறை மதுவிலக்கு வழக்கில் உள்ளே இருந்து வந்தவன்.

"மொதல்ல இவர வண்டியில ஏத்துவோம்" என்றாள் தாட்சாயணி.

சாலையில் இருந்த டிஸ்பென்சரி ஒரு ஓட்டுக் கட்டடம். டாக்டர் நரசிம்முலு நெல்லூர்க்காரர். தமிழ் புரியும், பேச்சில் பாதி தெலுங்கு வரும். ரங்கனின் கண் இமையை விலக்கிப் பார்த்தார். நாடி பிடித்தார். புட்டியை முகர்ந்தார்.

"நல்ல ஸ்பிரிட் மாதிரிதான் வாசன உந்தி, வாசன இருக்கு" என்றார்.

தாட்சாயணி இரண்டு புட்டிகளின் கதையைச் சொன்னாள். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சூடண்டி, பாருங்க, இதுல தொந்தரவு என்னன்னா, மெத்தில் தானா விஷமில்ல. உடம்பு அதை எரிக்கப் போயி விஷம் ஆக்குது. அப்போ நல்ல ஸ்பிரிட்டை அளவா உள்ள விட்டா, உடம்பு மொதல்ல நல்லதை எரிக்கும். கெட்டது அப்படியே மூத்திரத்துல வெளியே போயிடும். அதான் மருந்து. ஆனா இவன் குடிச்சது எத்தில்னா? ஏற்கெனவே வயிறு நிறைய இருக்கு. நான் மேல ஊத்தினா மூச்சு நின்னுடும்."

"கண்ணுல ஏதாவது தெரியுதா?" என்று ரங்கனைக் கேட்டாள் தாட்சாயணி.

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல. வயித்துலதான் யாரோ அறுக்கறாங்கோ."

"வேலூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினா கண்டுபிடிப்பாங்க" என்றார் டாக்டர். "ஆனா போய்ச் சேர சாயங்காலம் ஆகும். மெத்தில்னா அவ்வளவு நேரம் சும்மா விடக் கூடாது. எதுன்னு இங்கேயே தெரியணும். உங்க கெமிஸ்ட்ரில வழி ஏதாவது இருக்கா?"

வழி இருந்தது. அயோடினும் காஸ்டிக் சோடாவும் போட்டால் எத்தில் மஞ்சளாகப் படியும். மெத்தில் படியாது. ஆனால் அயோடின் திருத்தணிக்குப் போய்விட்டது. டாக்டரின் அலமாரியில் இருந்தது டிங்க்சர் அயோடின். அதைக் கையில் எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டாள். டிங்க்சர் அயோடினே எத்தில் ஸ்பிரிட்டில் கரைத்ததுதான். எதில் ஊற்றினாலும் மஞ்சள் காட்டும். கொதிக்கும் சூட்டை அளந்து பார்க்கலாம் என்றால், அங்கே இருந்தது காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். தண்ணீர் கொஞ்சம் சுட்டாலே வெடித்துவிடும்.

ரங்கன் மறுபடி வாந்தியெடுத்தான். வெங்கடலட்சுமி அவன் தலையைத் தாங்கிக்கொண்டு, "சாமி, சாமி" என்று முனகினாள்.

தாட்சாயணி அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். காயம் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் புட்டி கண்ணில் பட்டது.

"அது எத்தில்தானே டாக்டர்? கலப்படம் இல்லாதது?"

"ஆமா. கவர்ன்மெண்ட் சரக்கு. சீல் நானே ஒடச்சேன்."

"அப்ப எரிச்சுப் பாத்துடலாம்."

டாக்டருக்குப் புரியவில்லை. அவள் பீங்கான் கிண்ணம் ஒன்றும், மருந்து அளக்கும் அவுன்ஸ் கிளாஸும், ஊசி வேகவைக்கும் முக்காலியும் கேட்டு வாங்கினாள். அலுமினிய டம்ளர் ஒன்றில் தண்ணீர் ஊற்றி முக்காலி மேல் வைத்தாள். டாக்டரின் ஸ்பிரிட்டை அவுன்ஸ் கிளாஸில் ஒரு கோடு வரை அளந்து, கிண்ணத்தில் விட்டு, கீழே தள்ளிக் கொளுத்தினாள்.

"மெத்தில் சின்ன மூலக்கூறு. ஒரே அளவு எரிச்சா எத்தில் குடுக்கற சூட்டுல முக்கால் பங்குதான் குடுக்கும். உங்க ஸ்பிரிட்டு எரிஞ்சு முடியறதுக்குள்ள கொதிக்கிற மாதிரி தண்ணியை வச்சிக்குவோம். அதே அளவு தண்ணிக்குக் கீழ இவங்க புட்டியில இருக்கறதை எரிப்போம். கொதிச்சா எத்தில். கொதிக்கலன்னா..."

முதல் தடவை தண்ணீர் அதிகம். ஆவி மட்டும் வந்து நெருப்பு அணைந்தது. தண்ணீரைக் குறைத்து, டம்ளரை ஆறவைத்து, மறுபடி கொளுத்தினாள். நீலத்தின் நுனியில் மஞ்சள் நாக்கு ஆடியது. தண்ணீரின் அடியில் குமிழிகள் ஒட்டின, பிரிந்தன. அணையும் தறுவாயில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அந்த மட்டத்தை டம்ளரில் ஊசி முனையால் கீறினாள்.

இனி மருந்துப் புட்டி. அதில் இருந்தது இரண்டு தடவைக்குத்தான் காணும். சிந்தினால் போயிற்று. டாக்டர் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ஊசி போடுகிறவருக்கே உரிய நிதானத்தோடு கோடு வரை அளந்தார். புதுத் தண்ணீர், அதே கீறல் வரை. கொளுத்தினார்கள்.

நெருப்பு பிடித்ததா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தது. அவ்வளவு வெளிறிய நீலம். மஞ்சள் நாக்கு இல்லை. ரங்கன் கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தான். டம்ளரின் அடியில் குமிழிகள் ஒட்டின. ஆவி கிளம்பியது. கொதிக்கட்டும் என்று தாட்சாயணி மனசுக்குள் கெஞ்சினாள். கொதிக்கட்டும், கொதித்துவிடட்டும், நான் முட்டாள் என்று ஆகட்டும்.

நெருப்பு அணைந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"காத்து அடிச்சிருக்கும்" என்றார் டாக்டர். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். கதவில் போர்வையைத் தொங்கவிட்டார். மீதியையும் ஊற்றி எரித்தார்கள். இந்தத் தடவையும் கொதிக்கவில்லை.

"தண்ணி கலந்திருந்தாலும் சூடு குறையுமே?" என்று டாக்டர் கடைசியாகக் கேட்டார். ரங்கன், டம்ளரில் ஊற்றிக்கொண்டுதான் தண்ணீர் கலந்ததாகவும், புட்டியில் கலக்கவில்லை என்றும் சொன்னான். தாட்சாயணி அவன் பேச்சை மட்டும் நம்பவில்லை. கிண்ணத்தை எடுத்து உள்ளே விரலை ஓட்டினாள். விரல் சுட்டது, ஈரம் ஒட்டவில்லை.

"தண்ணி இருந்தா எரிஞ்சு முடிஞ்சதும் அடியில நிக்கணும் டாக்டர். காஞ்சு கெடக்கு. இது மெத்தில்தான்."

அதற்கப்புறம் டாக்டர் ஒரு விநாடி வீணாக்கவில்லை. சோடா உப்பைக் கரைத்து ரங்கனின் வாயில் ஊற்றினார். அலமாரி ஸ்பிரிட்டைத் தண்ணீரும் சர்க்கரையும் விட்டு அளந்து கலக்கினார். மதுவிலக்கு ராஜ்யத்தில், சர்க்கார் டிஸ்பென்சரியில், சர்க்கார் டாக்டர் கையால் ரங்கனுக்குச் சாராயம் புகட்டப்பட்டது.

"இன்னொருத்தன் எங்கே?" என்றார் டாக்டர்.

தாட்சாயணியும் வெங்கடலட்சுமியும் கரும்புக் கொல்லைக்கு ஓடினார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தோகை கையையும் முகத்தையும் அறுத்தது. வெங்கடலட்சுமி, "அண்ணா, முனிசாமி அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே வரப்பு வரப்பாகப் போனாள். பதில் இல்லை. காற்றில் தோகை உரசும் சத்தத்தில் ஆள் நகர்கிறானா, காற்றுதானா என்று தெரியவில்லை. கடைசியில் கிணற்று மேட்டில், ஏற்றத்தின் துலாக்கல்லில் சாய்ந்தபடி அவன் உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். மூச்சு ஓடி வந்தவனுடையதைப் போல வாங்கியது.

"யாரு?" என்றான், அவர்களை நேராகப் பார்த்துக்கொண்டே.

"நான்தாண்ணா, வெங்கடலட்சுமி. டீச்சரம்மா வந்திருக்காங்க."

"மழ வருதா? ஏன் இப்பிடி மூட்டம் போட்டுக்கினு இருக்குது?"

வெங்கடலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். தாட்சாயணி அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"முனிசாமி, நீங்க குடிச்சது விஷம். டாக்டர்கிட்ட மருந்து இருக்குது. இப்பவே போவணும்."

"நான் வரல. மறுபடியும் ஜெயிலுக்குப் போவ என்னால ஆவாது. போன தடவ உள்ள இருக்கச்ச எங்கம்மா செத்துப்போச்சு, மொகத்தக் கூட எனக்குக் காட்டல அவங்க."

"கேஸ் வந்தா என் பேர்ல வரட்டும். பெட்டி என் பொறுப்பு. பூட்டு போடாம ஆணி அடிச்சு அனுப்பினவ நான்தான். அதை எழுதிக் குடுக்கறேன்."

"நீங்க எழுதிக் குடுத்தா அவன் உட்டுடுவானா?"

"தெரியாது. உட்டுடுவான்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இங்கயே இருந்தா சாயங்காலம் பாக்க மாட்டீங்க."

முனிசாமி கம்பைக் கீழே வைத்தான். பிறகு கையை முன்னால் நீட்டினான். அந்தக் கை அவளைத் தேடிக் காற்றில் இடமும் வலமும் தடவியது. தாட்சாயணி அதைப் பிடித்துக்கொண்டாள்.

வேலூருக்கு வெல்லம் ஏற்றிப் போன லாரியை டாக்டர் சாலையில் நின்று மறித்தார். மூட்டைகளின் மேல் ஜமுக்காளம் விரித்து இருவரையும் படுக்க வைத்தார்கள். டாக்டர் கலக்கிக் கொடுத்த புட்டி தாட்சாயணியின் மடியில். வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும், மூச்சு மந்தமானால் நிறுத்த வேண்டும் என்பது உத்தரவு. சித்தூர் தாண்டும்போது ரங்கனின் கண்ணில் பழைய களை கொஞ்சம் வந்தது.

"டீச்சரம்மா கையால சரக்கு குடிக்கணும்னு தலையில எழுதி இருக்குது பாரு" என்றான்.

வெங்கடலட்சுமி அவன் தோளில் ஓங்கி அறைந்தாள். அறைந்துவிட்டு அழுதாள். முனிசாமி அதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் மூச்சு லாரிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. தாட்சாயணி ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருகிறதா என்று காத்துக்கொண்டே வேலூர் வரை போனாள்.

ரங்கன் பிழைத்தான். அந்த வாரக் கடைசியில் தன் காலில் நடந்து வீட்டுக்குள் நுழைந்தான். முனிசாமியும் உயிர் பிழைத்தான், ஆனால் பார்வை திரும்பவில்லை. காலையிலேயே வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கே ஒரு டாக்டர் சொன்னார். அவன் காதில் விழும்படிச் சொன்னாரே என்று தாட்சாயணிக்கு அவர் மேல் வெகுநாள் கோபம் இருந்தது.

சித்தூரில் விசாரணை நடந்தது. விசாரித்த அதிகாரி, பெட்டியைப் பூட்டாமல் அனுப்பியது யார் என்றார். நான் என்றாள். அனுமதியில்லாமல் பள்ளியை விட்டுப் போனது உண்மையா என்றார். உண்மை என்றாள். கோவர்த்தனனும் அதையேதான் சாட்சியாகச் சொன்னார். அவளைப் பார்க்காமல் சொன்னார். சொல்லிவிட்டுத் தாழ்வாரத்தில் அவளைக் கடந்து போகும்போது, "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதும்மா" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

வண்டியோட்டிகள் மேல் வழக்கு போட வேண்டாம் என்று நரசிம்முலு நேரில் வந்து பேசினார். குருடனை எந்த ஜெயிலில் வைப்பீர்கள் என்று கேட்டாராம். அந்த வழக்கு அத்தோடு நின்றது. தாட்சாயணியை மாதக்கணக்கில் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திரும்ப எடுத்துக்கொண்டபோது ஏப்ரல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. மெட்ராஸ் பக்கம் போக எழுதிக் கொடுத்ததற்கு இனி மதிப்பில்லை என்றார்கள். அவளைத் திருப்பதியில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் போட்டார்கள்.

"உன் இஷ்டத்துக்கு விரோதமா ஆயிடுச்சே" என்றார் அப்பா. குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

தெலுங்கில் பாடம் நடத்த அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதல் நாள் ஏதோ ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்ல, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அதன் சரியான உச்சரிப்பை அந்தப் பெண்களிடமே கேட்டு எழுதிக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் தெலுங்கிலேயே கோபப்படவும் பழகிவிட்டாள். முனிசாமியைப் பார்க்க லீவு நாட்களில் காலனிக்குப் போவாள். அவன் கயிறு திரிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். அவள் வந்தால் பேச்சு பெரும்பாலும் மாடுகளைப் பற்றித்தான் இருக்கும். கண்ணைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினான்.

"கெணத்து மேட்டுல நீங்க பொய் சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன் டீச்சரம்மா" என்றான்.

திருப்பதிப் பள்ளியில் லேபரட்டரியின் சாவி அவளிடம் வந்த அன்று அவள் செய்த முதல் காரியம், மெத்தில் ஆல்கஹால் புட்டியைத் திறந்து அதில் நீலச் சாயப்பொடியை ஒரு சிட்டிகை போட்டதுதான். வாசலில் நின்றாலும் தெரிகிற மாதிரி அடர்ந்த நீலம். பிறகு எந்தப் பள்ளிக்கு மாற்றினாலும் அதையே செய்தாள். ஓய்வு பெறும் வருஷத்தில், உடன் வேலை பார்த்த ரத்னம்மா என்ற இளம் டீச்சர் அதைப் பார்த்து ஆட்சேபித்தாள்.

"ஏன் மேடம் இப்பிடிக் கலக்கறீங்க? நாளைக்குப் பசங்க எரிச்சு சூடு அளந்தா கணக்கு தப்பா வருமே."

"வரட்டும்" என்றாள் தாட்சாயணி. இன்னும் ஒரு சிட்டிகை போட்டுப் புட்டியை நன்றாகக் குலுக்கினாள்.